உப்பைக் குறைத்தும் சுவையைக் காப்பது எப்படி?
நோயர் வீட்டில் ஒரு சாமை பீட்சா

வீடு திரும்பும் நாளில் மருத்துவர் எழுதித் தரும் தாளில், மருந்துகளின் பெயர்களுக்குக் கீழே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: ‘உணவில் உப்பைக் குறைக்கவும்.’ உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் கோத்தல் ஆகிய எல்லாவற்றுக்கும் பொதுவான அறிவுரை இது. எழுதுவதற்கு மிக எளிதான வரி. கடைப்பிடிப்பதற்கு மிகக் கடினமான வரியும் இதுவே.

முதல் வாரம் வீட்டார் சிரத்தையுடன் உப்பில்லாச் சமையல் செய்கின்றனர். இரண்டாம் வாரம் நோயர் தட்டைத் தள்ளி வைக்கிறார். மூன்றாம் வாரம் ஊறுகாய்ச் சாடி இடம் மாறுகிறது. யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு துண்டு வாய்க்குள் போகிறது. சில நாட்களில் கால் வீங்குகிறது, இரவில் மூச்சு முட்டுகிறது, மீண்டும் மருத்துவமனை வாசல். வெள்ளிமலையிலிருந்தோ கரியாலூரிலிருந்தோ மலைப்பாதையில் இறங்கி வரவேண்டிய குடும்பத்திற்கு அந்தப் பயணமே ஒரு பெருஞ்சுமை. இதில் நோயரின் பிடிவாதத்தை மட்டும் குறை கூறிப் பயனில்லை. உப்பை எடுத்த இடத்தில் வேறொன்றும் வைக்காததே பெரும்பாலும் சிக்கலின் வேர்.

அண்மைக் காலமாக இன்னொரு கேள்வியையும் பராமரிப்பாளர்கள் கேட்கின்றனர். கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் எனப் படிக்கச் சென்று வரும் பிள்ளைகள் பீட்சா வாங்கி வருகின்றனர். வீடே கூடி உண்ணும்போது நோயர் மட்டும் கஞ்சிக் கிண்ணத்துடன் ஒதுங்கி அமர்வதைக் காண மனம் பொறுக்கவில்லை. ஒரு துண்டு கொடுக்கலாமா என்பதே கேள்வி. கடையில் வாங்கியது என்றால், இத்தகைய நோயர் பெரும்பாலோர்க்கு அது ஏற்றதன்று. ஆனால் வீட்டில், நம் அஞ்சறைப் பெட்டியின் துணையுடன் செய்த பீட்சா என்றால், நோயரும் வீட்டாரோடு அமர்ந்து உண்ணலாம். அதற்கான வழியையும் அதன் பின்னுள்ள அறிவியலையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது?

வளர்ந்தவர் ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பையே உட்கொள்ள வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அஃதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சோடியம் கணக்கில் 2000 மில்லிகிராம். உலக மக்கள் உண்ணும் சராசரி அளவோ இதைப்போல் இரு மடங்குக்கும் மேல். உங்கள் நோய்க்கு மருத்துவர் இதைவிடக் குறைந்த அளவைச் சொல்லியிருந்தால் அதுவே உங்களுக்குரிய அளவு.

உணவுப் பொதிகளின் பின்புறம் உப்பின் அளவுக்குப் பதிலாகச் சோடியத்தின் அளவே அச்சிடப்பட்டிருக்கும். அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1000 மில்லிகிராம், அஃதாவது ஒரு கிராம் உப்பு. இந்த ஒரு கணக்கை வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்துவிட்டால், கடையில் பொருள் வாங்கும்போது அந்தப் பிள்ளையே உங்களுக்குத் துணை.

சாதாரண சீஸ் பீட்சா 100 கிராமில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் சோடியம் இருப்பதாக உணவுச் சத்து அட்டவணைகள் காட்டுகின்றன. மூன்று பெரிய துண்டுகளை உண்டால் ஒரு நாளைக்குரிய உப்பு ஒரே வேளையில் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. இந்த உப்பு ஓரிடத்தில் மட்டும் இல்லை. மாவில் இருக்கிறது, தக்காளிச் சாற்றில் இருக்கிறது, சீஸில் இருக்கிறது. ஆலிவ் காய், பதப்படுத்திய இறைச்சி போன்ற மேற்பொருள்களில் மிகுதியாக இருக்கிறது. மாவை உப்பச் செய்யும் ஆப்பச்சோடாவிலும் சோடியம் உண்டு; ஈஸ்ட்டில் அந்தச் சிக்கல் இல்லை.

பீட்சாவுடன் தரப்படும் சிறு பொட்டலங்களையும் கவனியுங்கள். ‘ஆரிகனோ’ என்று பெயரிட்டு விற்கப்படும் பல கலவைகளில் இலைத்தூளுடன் உப்பும் சேர்ந்திருக்கிறது. சேர்பொருள்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்தி அச்சிடுவதே முறை. பட்டியலின் தொடக்கத்திலேயே உப்பு இருந்தால், நீங்கள் தூவுவது மணப்பொருளைவிட உப்பையே எனக் கொள்ளுங்கள். தக்காளி கெச்சப், சோயா சாஸ் ஆகியவையும் அவ்வாறே.

இங்கே நம் ஊரில் பரவலாக உள்ள ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டியிருக்கிறது. ‘இந்துப்பு சேர்த்துக்கொண்டால் இரத்த அழுத்தம் ஏறாது’ என்பது சரியன்று. இந்துப்பும், கல்லுப்பும், கருப்பு உப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. மேலும் இந்துப்பில் பொதுவாக அயோடின் சேர்க்கப்படுவதில்லை. எனவே பயன்படுத்தும் சிறிதளவு உப்பு அயோடின் கலந்த உப்பாக இருப்பதே நன்று.

நாக்குக்கு மூக்கே துணை

நாக்கு அறியும் அடிப்படைச் சுவைகளாக இன்றைய அறிவியல் ஐந்தைக் கூறுகிறது: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு, மேலும் தக்காளி, காளான், சீஸ் போன்றவற்றில் உள்ள குளூட்டமேட் தரும் சாறுச்சுவை. நாம் ‘ருசி’ என்று சொல்வதன் பெரும்பகுதி நாக்கில் பிறப்பதில்லை. வாயில் மெல்லும்போது எழும் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கிற்கு ஏறுகிறது. அங்கேதான் சீரகம் வேறு, சோம்பு வேறு என்பது தெரிகிறது. சளி பிடித்த நாளில் எந்தக் குழம்பும் ஒன்றுபோல் தோன்றுவது இதனாலேயே. முதுமையில் மணமறியும் திறன் குறைவதால், பெரியவர்கள் ‘உப்பே இல்லை’ என்று சொல்லும்போது பல வேளைகளில் அங்கே குறைந்திருப்பது மணமே.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் உத்திகள் நான்கு.

முதலாவது, மணம். உவர்ப்போடு சேர்த்துப் பழகிய மணம் எழுந்தால், உப்பு குறைவாக இருந்தாலும் உவர்ப்பு சற்று மிகுந்திருப்பதாக மூளை உணர்கிறது.

இரண்டாவது, புளிப்பு. எலுமிச்சைச் சாறும், புளிக்கரைசலும், நன்கு பழுத்த நாட்டுத் தக்காளியும் உவர்ப்பைத் தூக்கிக் காட்டும். இறக்கிய பின் பிழியும் சில சொட்டு எலுமிச்சைச் சாறு ஒரு சிட்டிகை உப்பின் குறையை மறைத்துவிடும்.

மூன்றாவது, காரம். மிளகாயின் காரம் உண்மையில் சுவையன்று. வாயிலுள்ள வெப்பம் அறியும் நரம்புகளை அது தூண்டுகிறது. அந்தக் கிளர்ச்சி உணவைச் சப்பென்று தோன்றவிடாது. வாய்ப்புண் உள்ளவர்க்கும் நெஞ்செரிச்சல் உள்ளவர்க்கும் இவ்வழி பொருந்தாது.

நான்காவது, உப்பு இருக்கும் இடம். மாவுக்குள் பிசைந்த உப்பின் ஒரு பகுதி நாக்கில் படாமலேயே வயிற்றுக்குள் போய்விடுகிறது. அதே உப்பை மேற்பரப்பில் தூவினால் முதலில் நாக்கைத் தொடுவது அதுவே. ஆகவே அனுமதிக்கப்பட்ட சிட்டிகையை மாவில் வீணாக்காமல் மேலே வையுங்கள்.

ஆரிகனோவின் உறவு நம் வாசலில்

பீட்சாவுக்கு அதன் தனி மணத்தைத் தருவன தக்காளி, பூண்டு, ஆரிகனோ, பேசில் என்னும் நான்கு. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் இன்றும் செய்யப்படும் பழைய வகையான மரினாராவில் சீஸே கிடையாது. தக்காளி, பூண்டு, ஆரிகனோ, ஆலிவ் எண்ணெய், அவ்வளவே. அந்நகரத்துப் பீட்சா செய்யும் கலையை யுனெஸ்கோ 2017ஆம் ஆண்டில் மானுடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. சீஸ் மலைபோல் குவிந்தால்தான் பீட்சா என்னும் எண்ணம் பின்னர் வந்த பழக்கமே என்பதை நோயர் வீடுகள் நினைவிற்கொள்ளலாம்.

அந்த மணங்களுக்கு நாம் கடைப் பொட்டலத்தைத் தேட வேண்டியதில்லை. ஆரிகனோவின் காரமான நறுமணத்திற்குக் காரணமானவை கார்வக்ரால், தைமால் என்னும் எண்ணெய்ப் பொருள்கள். நம் ஓமத்தின் மணம் பெரும்பாலும் தைமாலின் மணமே. சளிக்குக் கிள்ளிப் போடுவதற்காகத் தொட்டியில் வளர்க்கும் கற்பூரவள்ளி இலையிலும் இவ்விரு பொருள்களும் உண்டு. அதனாலேயே அதற்கு ஓமவள்ளி என்றும் பெயர் வந்தது. வெளிநாடுகளில் அதைக் கியூபா ஆரிகனோ என்று அழைப்பதும் அதனாலேயே. வாழைப்பழத்தில் ஒரு வகைக்கும் கற்பூரவள்ளி என்று பெயர் உண்டு; இங்கே குறிப்பது தடித்த, மென்மயிர் படர்ந்த இலையுடைய செடியை.

பேசிலும் நமக்குப் புதிதன்று. நம் ஊரில் திருநீற்றுப்பச்சிலை எனப்படும் செடி அதே இனத்தைச் சேர்ந்தது. கோடையில் ஊறவைத்துக் குடிக்கும் சப்ஜா விதை இதன் விதையே. நம் நாட்டு வகைக்கு மணம் சற்றுக் கூர்மையாக இருக்கும். ஆகவே நான்கைந்து இலைகள் போதும். துளசி இதன் உறவுதான் என்றாலும் அதன் கிராம்பு போன்ற மணம் வேறு. பீட்சாவுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது.

காரத்திற்கு இரு வழிகள் உள்ளன. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் நம் நாட்டுக்கு வந்து சேர்ந்தவை. அதற்கு முன் தமிழரின் காரம் மிளகே; பழந்தமிழில் மிளகுக்குக் ‘கறி’ என்றே பெயர். மிளகைப்போல் காரமுள்ள காய் என்பதால் புதிதாக வந்தது ‘மிளகாய்’ ஆயிற்று. மிளகாய் ஒத்துக்கொள்ளாத பலருக்கு, அப்போது இடித்த சிறிதளவு மிளகு ஒத்துக்கொள்கிறது. கொல்லிமலை மிளகு நம் பகுதிச் சந்தைகளுக்கு அயலானதன்று.

அடித்தளத்திற்கு மைதா மட்டுமே வேண்டும் என்பதில்லை. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் தலைமுறை உணவான சாமை இதற்கு உதவும். சாமையில் நார்ச்சத்து மைதாவைவிட மிகுதி. அதற்கென மெல்லிய ஒரு மண்மணமும் உண்டு. ஆனால் கோதுமையில் உள்ள பசையம் அதில் இல்லாததால் தனிச் சாமை மாவு இழுபடாது, வெடித்துப் போகும். பாதி கோதுமை மாவு கலந்தால் சரியாகும்.

எதை எப்போது சேர்ப்பது?

மணப்பொருள்களை வாங்குவதைவிட அவற்றைச் சேர்க்கும் நேரத்தை அறிவதே முதன்மையானது. நல்ல மிளகும் நல்ல சீரகமும் இருந்தும் உணவு மணக்கவில்லை என்றால் நேரம் தவறியிருக்கும்.

பெரும்பாலான மணப்பொருள்கள் நீரைவிட எண்ணெயில் எளிதாகக் கரைவன. நம் பாட்டிமார் தாளிப்பில் செய்தது இதுவே. ஓமம், சீரகம், சோம்பு, பெருங்காயம், வற்றல் மிளகாய் ஆகியவற்றை மிதமான சூட்டில் எண்ணெயில் பொரித்தால், அவற்றின் மணம் எண்ணெயில் இறங்கி உணவு முழுவதும் பரவுகிறது. பீட்சாவின் தக்காளிச் சாற்றையும் இவ்வாறே தாளிப்புடன் தொடங்குங்கள். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ போதும். எண்ணெய் புகையும் அளவுக்குக் காய்ந்தால் மணம் போய்க் கசப்பு வந்துவிடும்.

பூண்டின் மணம் அதை நசுக்கும்போதுதான் உண்டாகிறது. ஆகவே நசுக்கிச் சில நிமிடங்கள் வைத்திருந்து பின் சேர்க்க வேண்டும். அது விரைவில் கருகும் பொருள். வெங்காயம் வதங்கிய பின்னரே அதன் முறை. பூண்டை எண்ணெயில் ஊறவைத்து அறை வெப்பத்தில் நாட்கணக்கில் வைத்துப் பயன்படுத்த வேண்டாம். காற்றுப் புகாத அந்த எண்ணெயில் கொடிய நச்சை உண்டாக்கும் பாக்டீரியா வளரக்கூடும். அன்றன்று செய்வதே பாதுகாப்பு.

கற்பூரவள்ளி இலையைப் பொடியாக நறுக்கி, சாறு கொதிக்கும்போது சேர்க்கலாம். இரண்டு இலைக்கு மேல் போனால் உணவு கஷாயம் போலாகிவிடும். திருநீற்றுப்பச்சிலையும் கொத்தமல்லித் தழையும் வெப்பம் தாங்கா. அடுப்பை அணைத்த பின்னரே கிள்ளிப் போடுங்கள். மிளகை முன்கூட்டியே பொடித்து வைத்தால் மணம் பறந்துவிடும். உண்ணும் நேரத்தில் இடித்துத் தூவுங்கள். எலுமிச்சைச் சாறு எல்லாவற்றுக்கும் கடைசி.

உப்பில்லாத் தூவல் பொடி

கடைப் பொட்டலத்திற்கு மாற்றாக இப்பொடியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். வெள்ளை எள் 2 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, ஓமம் கால் தேக்கரண்டி, நிழலில் உலர்த்திய கறிவேப்பிலை ஒரு கைப்பிடி ஆகியவற்றைத் தனித்தனியே, எண்ணெயின்றி, சிறு தீயில் வறுத்து ஆறவிடுங்கள். காரம் ஒத்துக்கொள்பவர்க்கு ஒரு வற்றல் மிளகாயும் சேர்க்கலாம். கொரகொரப்பாக இடித்து, ஈரம் படாத சிறு புட்டியில் அடைத்து வையுங்கள். இரண்டு வாரத்திற்குள் தீரும் அளவே செய்யுங்கள். பீட்சாவுக்கு மட்டுமன்றி, இட்லிக்கும், மோர்ச் சோற்றுக்கும், வேகவைத்த காய்க்கும் இப்பொடி உதவும். உப்பில்லாச் சமையலில் நோயரின் கைக்கெட்டும் இடத்தில் வைக்கத்தக்க புட்டி இது.

சாமை பீட்சா செய்யும் முறை

இருவருக்குப் போதுமான அளவு இது. அவன் அடுப்பு தேவையில்லை. கனமான தோசைக்கல்லும் ஒரு மூடியும் போதும்.

மாவுக்கு: சாமை மாவு 60 கிராம், கோதுமை மாவு 60 கிராம், உலர் ஈஸ்ட் அரைத் தேக்கரண்டி, தயிர் 2 மேசைக்கரண்டி, வெதுவெதுப்பான நீர் தேவையான அளவு. உப்பு வேண்டாம். ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, மற்றவற்றுடன் சேர்த்து மென்மையாகப் பிசைந்து மூடி வையுங்கள். உப்பில்லா மாவு விரைவில் புளிக்கும்; சமவெளிக் கோடையில் முக்கால் மணி நேரமே போதுமானதாகலாம். மலையின் மார்கழிக் குளிரில் அதைவிட மிகுதியாகத் தேவைப்படும். மாவு நன்றாக உப்பியதைக் கண்ணால் கண்டு முடிவு செய்யுங்கள்.

ஈஸ்ட் கிடைக்காத வீட்டில் தோசை மாவே உதவும். மாவு அரைத்ததும் உப்புச் சேர்க்கும் முன் நோயருக்கென ஒரு பகுதியைத் தனியே எடுத்துப் புளிக்க வையுங்கள். அதைத் தடித்த ஊத்தப்பமாக வார்த்து, அதன்மேல் கீழ்க்காணும் சாற்றைப் பரப்பலாம். பீட்சாவுக்கு நம் சமையலில் மிக நெருங்கிய உறவு ஊத்தப்பமே.

சாற்றுக்கு: நன்கு பழுத்த நாட்டுத் தக்காளி 3, சின்ன வெங்காயம் 8, பூண்டு 3 பல், ஓமம் ஒரு சிட்டிகை, சோம்பு கால் தேக்கரண்டி, கற்பூரவள்ளி இலை 2, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. எண்ணெயில் ஓமமும் சோம்பும் பொரிந்ததும் வெங்காயத்தைப் பொன்னிறமாகும் வரை பொறுமையாக வதக்குங்கள். பின் நசுக்கிய பூண்டு. பின் நறுக்கிய தக்காளியும் கற்பூரவள்ளியும். நீர் வற்றித் தொக்குப் பதம் வரும் வரை சிறு தீயில் வையுங்கள். நீர் வற்ற வற்றத் தக்காளியின் புளிப்பும் சாறுச்சுவையும் செறிவாகும். அவசரப்பட்டு நீர்க்க இறக்கினால் உப்பின் குறை உடனே தெரியும்.

மேலே வைக்க: வீட்டில் உப்பின்றித் திரித்தெடுத்த பனீர் 60 கிராம், துருவிய மொஸரெல்லா சீஸ் 20 கிராம், மெல்லியதாக அரிந்த குடமிளகாய், காளான் அல்லது முருங்கைக் கீரை சிறிதளவு. பனீர் உருகாது என்றாலும் வயிறு நிறையப் புரதம் தரும். உருகி இழுபடும் இன்பத்திற்குச் சிறிதளவு சீஸ் போதும். பதப்படுத்திய சீஸ் துண்டுகளில் பொதுவாகச் சோடியம் மிகுதி. பொதியைப் பார்த்து வாங்குங்கள்.

மாவைச் சப்பாத்தியைவிடச் சற்றுத் தடிப்பாக இரண்டு வட்டங்களாகத் தட்டி, மிதமான சூட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடம் வேகவிட்டுத் திருப்புங்கள். வெந்த பக்கத்தின்மேல் சாற்றைப் பரப்பி, பனீரையும் காய்களையும் அடுக்கி, இரு பீட்சாவுக்கும் சேர்த்து ஒரே ஒரு சிட்டிகை, அஃதாவது ஏறத்தாழ அரை கிராம் உப்பை மேலாகத் தூவி, சீஸைப் பரப்பி மூடுங்கள். சிறு தீயில் ஆறேழு நிமிடத்தில் சீஸ் உருகிவிடும். இறக்கி, திருநீற்றுப்பச்சிலை, தூவல் பொடி, மிளகு, சில சொட்டு எலுமிச்சைச் சாறு என அந்த வரிசையில் சேர்த்துச் சூட்டோடு பரிமாறுங்கள். ஆறிப்போனால் மணம் அடங்கிவிடும்.

கணக்குப் பார்ப்போம். ஒரு சிட்டிகை உப்பில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் சோடியம். 20 கிராம் மொஸரெல்லாவில் ஏறத்தாழ 120. தயிர், பனீர், காய்களில் இயல்பாக உள்ளது சிறிதளவு. மொத்தம் 400க்குள் அடங்கும். ஒருவர் பங்கு 200 மில்லிகிராமுக்குள், அஃதாவது அரை கிராம் உப்பு. கடைப் பீட்சாவின் ஒரு பெரிய துண்டில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கே இது.

இவர்கள் கூடுதல் கவனம் கொள்க

சிறுநீரக நோயர்: தக்காளியில் பொட்டாசியமும், பனீரிலும் சீஸிலும் பாஸ்பரசும் உண்டு. உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவைப் பொறுத்தே அளவு அமையும். உணவியல் வல்லுநரைக் கேட்டுச் செய்யுங்கள். ‘சோடியம் குறைந்த உப்பு’ எனக் கடைகளில் விற்பவற்றில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். பொதுமக்களில் பலருக்கு அது நன்மை தரலாம். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்க்கும், பொட்டாசியத்தை உயர்த்தக்கூடிய சில இரத்த அழுத்த, இதய மருந்துகளை உண்பவர்க்கும் இதயத் துடிப்பையே பாதிக்கும் ஆபத்து அதில் உண்டு. மருத்துவரைக் கேளாமல் வாங்கவே வேண்டாம்.

நீரிழிவு நோயர்: சாமையும் மாவுச்சத்துதான். ‘சிறுதானியம்’ என்பதால் அளவின்றி உண்ணலாகாது. ஒரு பங்குடன் நிறுத்தி, உடன் காய்கறியை மிகுதியாக்குங்கள்.

வார்ஃபரின் போன்ற இரத்த உறைவு தடுப்பு மருந்து உண்பவர்: சமையல் அளவில் மஞ்சள், பூண்டு சேர்ப்பதில் தடையில்லை. அவற்றை மாத்திரையாகவோ, மருந்து போல் மிகுதியாகவோ மருத்துவரைக் கேளாமல் உண்ணாதீர்கள். கீரையின் அளவை ஒரு வாரம் மிகுதி, மறு வாரம் இல்லை என மாற்றாமல் சீராக வையுங்கள்.

புற்றுநோய் மருத்துவம் பெறுவோர்: வாய்ப்புண் இருக்கும்போது மிளகாய், மிளகு, எலுமிச்சை மூன்றையும் விடுங்கள், சோம்பும் சீரகமும் போதும். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த காலத்தில் பச்சை இலையையும் பொடிகளையும் இறக்கிய பின் தூவ வேண்டாம். சாற்றிலேயே சேர்த்து நன்கு வேகவையுங்கள்.

நெஞ்செரிச்சல், இரைப்பைப் புண் உள்ளோர்: தக்காளியும் காரமும் தொல்லை தரலாம். இரவு படுக்கும் நேரத்தை ஒட்டி உண்ண வேண்டாம்.

கோதுமை ஒவ்வாதோர்: தனிச் சாமை மாவில் ஊத்தப்பமாகச் செய்யுங்கள். கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருப்பதை மறவாதீர்கள்.

நாக்கு பழகிக்கொள்ளும்

உப்பு குறைந்த உணவு முதல் சில நாட்கள் வெறுமையாகத் தோன்றுவது இயல்பு. நாக்கு பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். பழகிய பின்னர், முன்பு விரும்பி உண்ட உணவே உப்புக் கரிப்பதாகப் பலர் கூறுவர். அந்த இடைப்பட்ட வாரங்களைக் கடப்பதற்கான துணையே மேற்கூறிய மணமும் புளிப்பும். வீட்டார் அனைவரும் அதே உணவை உண்டால் நோயர்க்குத் தனித்து ஒதுக்கப்பட்ட எண்ணம் வராது. மற்றவர்களின் இரத்த அழுத்தத்திற்கும் அது நன்மையே.

இத்துடன் ஒரு சிறு கடமையும் உண்டு. இதயச் செயலிழப்பு உள்ளவர் நாள்தோறும் காலையில், சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன் எடை பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். மூன்று நாட்களில் எடை 2 கிலோவுக்கு மேல் கூடினாலோ, கால் வீக்கம் மிகுந்தாலோ அடுத்த மாதப் பரிசோதனை நாள் வரை காத்திராமல் உடனே வந்து காட்டுங்கள். படுத்தால் மூச்சு முட்டினால் அன்றே, எந்த நேரமாயினும் வாருங்கள். மலைக் கிராமங்களில் வாழ்வோர் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தை முதலில் அணுகலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் வீடு தேடி வரும் பணியாளரிடமும் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, உங்கள் வீட்டில் பயன்படுத்தும் பொடி, சாஸ், சீஸ் ஆகியவற்றின் வெற்றுப் பொதிகளை ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடவேண்டும் என்பதை உணவு ஆலோசனையின்போது உங்களுடன் சேர்ந்து பார்த்துச் சொல்கிறோம். நோயரையும் உடன் அழைத்து வாருங்கள். தம் நாக்குக்கு எது குறைகிறது என்பதை அவரே சொல்லட்டும்.